தூக்கத்துக்கு வாசனைத் தைலமா? வாங்கும் முன் ஒரு கணக்கு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பூச்சி, நோய், உரம், விதை என்றுதான் பேசுவோம். இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று மனிதர்களின் தூக்கத்தைப் பற்றியது. ஆனால் அதில் பயிரும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, ஒரு பச்சைக் குழந்தையின் பாதுகாப்பும் இருக்கிறது. அதனால் இந்த இதழில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு வருடமாகச் சரியான தூக்கம் இல்லை. நடுராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். எங்கள் மகளிர் குழுவில் ஒருவர் 'அரோமாதெரபி' என்று ஆறு பாட்டில் அடங்கிய ஒரு பெட்டி கொண்டுவந்தார். விலை 4,500 ரூபாய். தலையணையில் தடவினால் தூக்கம் வரும், தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் சர்க்கரையும் குறையும், குழந்தைக்குச் சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கலாம் என்கிறார். பெட்டி வாங்கினால் நாமும் நாலு பேருக்கு விற்கலாமாம். வீட்டில் பத்து மாதப் பேரன் இருக்கிறான். கிணற்று மேட்டில் எலுமிச்சைப் புல் நாலு தூர் நிற்கிறது. அந்தப் பெட்டியில் இருப்பதும் அதே வாசனைதான். வாங்கலாமா? நாமே செய்துகொள்ள முடியாதா?"

சகோதரி, உங்கள் கேள்விக்குள் நாலு கேள்வி இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டிலுக்குள் இருப்பது என்ன?

எலுமிச்சைப் புல்லைக் கசக்கினால் வாசனை வருகிறது. துளசி, நொச்சி, யூகலிப்டஸ், வெட்டிவேர் எல்லாவற்றிலும் அப்படித்தான். இந்த வாசனைக்குக் காரணம், அந்தச் செடி தன் இலையிலோ வேரிலோ பூவிலோ சேர்த்துவைத்திருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போலச் செக்கில் ஆட்டி இதை எடுக்க முடியாது. செடியை ஒரு கலனில் அடைத்து, அடியிலிருந்து நீராவி விடுவார்கள். நீராவி எண்ணெயையும் கூட்டிக்கொண்டு மேலே வரும். அதைக் குளிர்ந்த குழாய் வழியாக விட்டால் மறுபடி தண்ணீராகும். எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்கும். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையைக் கொட்டகை போட்டுக் காய்ச்சித் தைலம் எடுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே முறைதான்.

'அரோமாதெரபி' என்ற பெயர் நம் ஊருக்குப் புதிது. பிரான்ஸ் நாட்டில் வாசனைத் திரவியத் தொழிலில் இருந்த ரெனே மோரிஸ் கட்ஃபோசே என்ற வேதியியலாளர் 1937-ல் இந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். அதன் பிறகுதான் அந்தச் சொல் பரவியது. பெயர் புதிதே தவிர, வெட்டிவேர்த் தட்டி கட்டி, நொச்சி இலை போட்டு ஆவி பிடித்து, பிள்ளை பெற்றவளுக்குச் சாம்பிராணிப் புகை காட்டிய நமக்கு விஷயம் புதிதில்லை.

வாசனையால் மனம் அமைதியாகுமா?

ஓரளவு ஆகும். கண், காது வழியாக வரும் செய்திகள் மூளையில் ஒரு சந்திப்பைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. வாசனை அப்படியில்லை. மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு வழியாக, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிக்கு நேராகப் போகிறது. அதனால்தான் முதல் மழையின் மண்வாசனை பட்டதும் சின்ன வயது ஞாபகம் வந்துவிடுகிறது. லேவண்டர் எண்ணெயின் வாசனையை முகர்ந்தவர்களுக்குப் பதற்றம் சற்றுக் குறைந்ததாகவும் தூக்கம் கொஞ்சம் மேம்பட்டதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பலன் பெரிய அளவிலானதில்லை. கூடவே கை காலைப் பிடித்துவிடுவதும், விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்காருவதும் சேரும்போதுதான் அது தெரிகிறது.

சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுத் தேய்மானம் ஆகியவை வாசனை எண்ணெயால் குணமாகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் நஷ்டம் 4,500 ரூபாயோடு நிற்காது.

விலைக்கு ஒரு கணக்கு

விவசாயிக்குக் கணக்குச் சொன்னால் உடனே புரியும். 100 கிலோ பச்சை எலுமிச்சைப் புல்லைக் காய்ச்சினால் சுமார் 250 முதல் 400 கிராம் எண்ணெய் கிடைக்கும். அப்படியானால் 10 மில்லி பாட்டில் ஒன்றை நிரப்ப மூன்று கிலோ புல் போதும். புல்லின் விலை, விறகு, கூலி, பாட்டில் எல்லாம் சேர்த்தாலும் இது பெரிய விலைக்குரிய பொருளில்லை. யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். உங்களிடம் காட்டிய ஆறு பாட்டிலில் இந்த இரண்டும் இருந்தால், அவற்றை ஊட்டியிலோ நல்ல நாட்டு மருந்துக் கடையிலோ மிகக் குறைந்த விலைக்கே வாங்கலாம்.

இனி மல்லிகைக்கு வருவோம். மல்லிகை நீராவிக்குத் தாங்காது. அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, 'கான்கிரீட்' எனப்படும் மெழுகு போன்ற பொருளை முதலில் எடுக்கிறார்கள். சத்தியமங்கலம், திண்டுக்கல் பக்கங்களில் பூ போடுகிறவர்களுக்கு இந்த ஆலைகள் தெரியும். ஒரு கிலோ கான்கிரீட்டுக்கு 350 முதல் 400 கிலோ பூ வேண்டும். அதைச் சாராயத்தில் கரைத்துச் சுத்தம் செய்து 'அப்சல்யூட்' எடுக்கும்போது எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே 10 கிராம் சுத்தமான மல்லிகை எண்ணெய்க்கு ஏழெட்டு கிலோ பூ ஆகிறது. பூ கிலோ 300 ரூபாய் என்று வைத்தாலும், பூவுக்கு மட்டுமே 2,100 ரூபாய்க்கு மேல். ரோஜா இன்னும் மோசம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ தேவை.

இப்போது சொல்லுங்கள், '100 சதவீதம் சுத்தமான மல்லிகை எண்ணெய், 10 மில்லி, 150 ரூபாய்' என்று விற்றால் அதற்குள் என்ன இருக்கும்? தொழிற்சாலையில் செய்த வாசனைப் பொருளைக் கலந்த எண்ணெய் இருக்கும். ஊதுபத்திக்கு அது போதும். மனிதர் உடம்பில் தேய்ப்பதற்கில்லை.

பெட்டியை வாங்கி நாலு பேருக்கு விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாபம் பொருளிலிருந்து வராமல் புதிதாக ஆள் சேர்ப்பதிலிருந்து வருகிறது என்றால், கடைசியாகச் சேர்ந்தவரின் பணம் போய்விடும். கிராமத்தில் அந்தக் கடைசி ஆள் நம் நாத்தனாராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். குழுவின் உள்கடன் பணத்தை இதில் போட வேண்டாம்.

குடிக்கக் கூடாது, குழந்தைக்குக் கூடாது

இந்தப் பகுதியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

எலுமிச்சைப் புல்லை நாலு துண்டு நறுக்கிப் போட்டு டீ குடிக்கலாம். தவறில்லை. ஆனால் மூன்று கிலோ புல்லின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் அடங்கியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பூச்சிமருந்தைக் கலக்காமல் அப்படியே பயிருக்கு அடிப்பீர்களா? அதே போலத்தான். அது தண்ணீரில் கரையவும் கரையாது. சொட்டு அப்படியே மிதந்து தொண்டையிலும் வயிற்றுச் சவ்விலும் பட்டு எரிக்கும். எந்த வாசனை எண்ணெயையும் வீட்டில் நாமாகக் குடிக்கக் கூடாது.

குழந்தை விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. பல வீடுகளில் சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறோம். யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் விட்டுத் தொட்டிலில் கட்டுகிறோம். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் கற்பூரமும் யூகலிப்டஸும் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டக் கூடியவை. கைக்குழந்தையின் மூக்கருகே இவற்றின் நெடி பட்டால் மூச்சுக்குழல் இறுகி மூச்சுத் திணறலாம். இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம் வேண்டவே வேண்டாம். யூகலிப்டஸ், மென்தால் கலந்த தைலங்களையும் மருத்துவர் சொல்லாமல் சின்னக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். பேரனுக்குச் சளி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போங்கள்.

குழந்தை தவறிக் குடித்துவிட்டால், ஒரு தேக்கரண்டி தைலம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், புளிக்கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பாட்டிலைச் சாமி மாடத்திலும் ஜன்னலிலும் வைக்காமல், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் கற்பூரம், யூகலிப்டஸ் இரண்டையும் தவிர்க்க வேண்டும். தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் இந்தத் தொடர்பைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தேய்க்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த நெடியும் இழுப்பைக் கொண்டுவரலாம்.

வீட்டில் செய்யக் கூடியவை

நாமே செய்துகொள்ள முடியாதா என்று கேட்டீர்கள். எண்ணெயாக எடுப்பது வீட்டில் கட்டுப்படியாகாது. ஆனால் வாசனையின் பலனுக்கு எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. கிணற்று மேட்டுப் புல்லே போதும்.

1. கால் குளியல்: எலுமிச்சைப் புல் ஒரு பிடி எடுத்து, இரண்டு அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி வைத்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடாவிட்டால் வாசனை அடுப்படியோடு போய்விடும். பிறகு ஒரு அகலமான தொட்டியில் ஊற்றி, பொறுக்கும் சூட்டுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்து, படுக்கப் போகும் முன் பதினைந்து நிமிடம் காலை வைத்திருக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கச் சேற்றிலும் வரப்பிலும் நின்ற காலுக்கு இதைவிட நல்ல ஓய்வு இல்லை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவராக இருந்தால், சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க விடுங்கள். பாதத்தில் புண் இருந்தால் வேண்டாம்.

2. வெட்டிவேர்: கால் கிலோ வேர் வாங்கினால் ஒரு கோடையை ஓட்டிவிடலாம். மண் போக அலசிக் காயவைத்து, ஒரு சிறு கட்டை வெள்ளைத் துணியில் முடிந்து தலையணை உறைக்குள் போடுங்கள். பெரிய கட்டைத் தட்டியாகக் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டு, மாலையில் தண்ணீர் தெளித்தால் அறையும் குளிரும், வாசனையும் வரும். கடலூர் மாவட்டக் கடலோர மணல் பகுதி விவசாயிகள் பயிர் செய்கிற வேர்தான் இது. நம் பணம் நம் ஆட்களுக்கே போகும்.

3. தேய்க்கும் எண்ணெய்: கடையில் நல்ல எலுமிச்சைப் புல் எண்ணெய் கிடைத்தால், 100 மில்லி நல்லெண்ணெய்க்கு 10 சொட்டுக்கு மேல் விடாதீர்கள். இது தோலை எரிக்கக் கூடிய எண்ணெய். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லை என்றால் தோள்பட்டை, கெண்டைக்கால் இவற்றில் மட்டும் தேய்த்துவிடுங்கள். முகம், கண் பக்கம் வேண்டாம். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

4. அறைக்கு வாசனை: ஒரு கிண்ணம் வெந்நீரில் மூன்று சொட்டு விட்டு அறையின் மூலையில் வைத்தால் போதும். டிஃப்பியூசர் கருவி தேவையில்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும். பேரன் படுக்கும் அறையில் வைக்காதீர்கள். இந்த எண்ணெய்கள் எளிதில் தீப்பற்றும். விளக்கில் ஊற்றுவதோ அடுப்பருகே வைப்பதோ கூடாது.

5. வாசனை நீர்: பெரிய அலுமினியப் பானையின் நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணம் வையுங்கள். சுற்றிலும் நறுக்கிய புல்லைப் போட்டு, செங்கல் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் ஊற்றுங்கள். குழிவான மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் அல்லது குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். சிறு தீயில் எரித்தால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். அரை மணி நேரத்தில் ஒரு டம்ளர் கிடைக்கலாம். தலையணையில் தெளிக்க, துணி வைக்கும் பீரோவில் தெளிக்க நன்றாக இருக்கும். சுத்தமான பாட்டிலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிரஷர் குக்கரில் குழாய் மாட்டி இதைச் செய்துகாட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம். குழாயில் இலை அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிக்கும்.

உங்கள் வீட்டுக்காரரின் தூக்கம்

சகோதரி, கடிதத்தின் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், போன வருடம் மக்காச்சோளம் படைப்புழுவில் போனதிலிருந்து இப்படி இருக்கிறார் என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. கால் குளியலும் வெட்டிவேரும் அலுத்த உடம்பைத் தளர்த்தும். நடுராத்திரியில் திண்ணையில் உட்கார வைக்கும் கவலையை அவை போக்காது.

முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். ராத்திரி மின்சாரம் வரும் முறையில் மோட்டார் போட எழுந்து பழகியவர்களுக்கு அந்த நேரத்தில் தானாகவே விழிப்பு வரும். ஆறு மணிக்கு மேல் குடிக்கும் டீயும், படுக்கையில் பார்க்கும் போனும் தூக்கத்தைக் கெடுக்கும். மது குடித்தால் தூக்கம் வருவதுபோல் வந்து நடுராத்திரியில் கலைந்துவிடும். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றால் சர்க்கரை பார்க்க வேண்டும். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல், வயலுக்குப் போக மனமில்லாமல், 'நான் இருந்து என்ன' என்பது போன்ற பேச்சு வந்தால் நாள் கடத்தாதீர்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அவர் பேசத் தயங்கினால் நீங்கள் முதலில் பேசிக் கேளுங்கள். 'என்னங்க, மனசுல என்ன ஓடுது, சொல்லுங்க' என்று கேட்பதால் எந்தக் கெடுதலும் வராது. அவர் மனசு திறக்க அதுவே வழியாகலாம்.

இன்னொன்றையும் இன்றே செய்யுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, எலிமருந்து எதுவும் வீட்டுக்குள் வேண்டாம். பூட்டும் பெட்டியில் வைத்துச் சாவியை வேறொருவர் வைத்திருக்கட்டும். மீதி இருப்பதைச் சேமிக்காமல், தேவைக்கு மட்டும் வாங்குங்கள். எல்லா வீட்டுக்கும் நான் சொல்வது இதுதான். மனக்கஷ்டம் இருக்கிற வீட்டுக்கு இது கட்டாயம்.

கடன் பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். கூட்டுறவுச் சங்கமானாலும் வங்கியானாலும், தவணை தாண்டும் முன் நேரில் போய்த் தவணை மாற்றம் கேட்டால் வழி கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்த பருவ மக்காச்சோளத்துக்குப் படைப்புழுவை எப்படி முன்கூட்டியே கட்டுப்படுத்துவது என்று உங்கள் வேளாண்மை அலுவலரோடு உட்கார்ந்து ஒரு திட்டம் போடுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பது தெளிவானால் பாதிப் பாரம் குறையும். 4,500 ரூபாயை அந்த விதைநேர்த்திக்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஒரு ஏக்கரில் எலுமிச்சைப் புல் போடச் சொல்லி ஒரு கம்பெனி வந்தது. நாற்று ஒன்று 10 ரூபாய், எண்ணெயைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா? (திருச்சி மாவட்ட வாசகர்)

பதில்: 60-க்கு 45 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 15,000 தூர்க்கட்டைகள் வேண்டும். அவர்கள் விலையில் நாற்றுக்கே ஒன்றரை லட்சம் ஆகிறது. அவர்களுடைய லாபம் நாற்றிலேயே முடிந்துவிட்டால், எண்ணெயை வாங்க அவர்கள் திரும்பி வரவேண்டிய அவசியமே இல்லை. இந்தப் புல்லைத் தூர் பிரித்து நடலாம். முதலில் 10 சென்டில் 1,500 கட்டை நடுங்கள். ஒரு வருடத்தில் அதைப் பிரித்தே ஏக்கருக்கு வேண்டியதை எடுத்துவிடலாம்.

பயிர் கெட்டதில்லை. நட்ட மூன்று நான்கு மாதத்தில் முதல் அறுப்பு, பிறகு ஐம்பது அறுபது நாளுக்கு ஒரு முறை, நான்கைந்து வருடம் பலன் தரும். தரையிலிருந்து அரை அடி விட்டு அறுக்க வேண்டும். ஆடு மாடு அதிகம் தொடாது. பாசன வசதி இருந்தால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ எண்ணெய் எதிர்பார்க்கலாம். முதல் ஆண்டில் குறையும். ஆனால் அதற்குப் பத்து டன்னுக்கு மேல் புல்லை வடிக்கும் கலனுக்குக் கொண்டுபோக வேண்டும். கலன் பக்கத்து ஊரில் இல்லை என்றால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, கலன் வைக்க வழி பார்த்த பிறகு ஏக்கர் கணக்கில் இறங்குங்கள்.

எண்ணெயின் விலை அதிலுள்ள சிட்ரால் அளவைப் பொறுத்தது. எத்தனை சதவீதம் சிட்ராலுக்கு என்ன விலை, யார் பரிசோதிப்பது, எத்தனை நாளில் பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ரகங்களில் கேரளத்தின் ஓடக்காலி நிலையம் வெளியிட்ட ஓ.டி.-19, லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ மற்றும் வாசனைப் பயிர்கள் நிறுவனம் வெளியிட்ட கிருஷ்ணா ஆகியவை பரவலாக உள்ளவை. அந்த நிறுவனத்துக்குப் பெங்களூருவில் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வாசனை எண்ணெய் அசலா என்று வீட்டில் பார்க்க முடியுமா? (தேனி மாவட்ட வாசகி)

பதில்: ஓரளவு முடியும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். எலுமிச்சைப் புல், யூகலிப்டஸ் எண்ணெய்கள் ஆவியாகிப் போகும். வடை வைத்த தாள்போல எண்ணெய்ப் பிசுக்கு நிலைத்து நின்றால், சமையல் எண்ணெயோ பாரஃபினோ கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தன எண்ணெய்கள் கெட்டியானவை என்பதால் அசலாக இருந்தாலும் கறை நிற்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. செயற்கை வாசனைப் பொருளை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனை வேண்டும். வாங்கும்போது நிறமுள்ள கண்ணாடி பாட்டில், தாவரத்தின் பெயர், தயாரித்த தேதி இவற்றைப் பாருங்கள். வெயில் படாமல் வையுங்கள். பழையதாகிப் புளித்த நெடி வரும் எண்ணெயை உடம்பில் தேய்க்காதீர்கள், தோல் எரியும்.

கேள்வி: லேவண்டர் செடி நர்சரியில் 250 ரூபாய்க்குத் தருகிறார்கள். எங்கள் ஊரில் வருமா? (மதுரை மாவட்ட வாசகர்)

பதில்: மதுரை வெயிலுக்கு அது வராது. லேவண்டருக்குக் குளிரும் வடிகால் உள்ள மேட்டு நிலமும் வேண்டும். இப்போது ஜம்மு பகுதியில் பதர்வா மலைகளில் விவசாயிகள் நன்றாகச் செய்கிறார்கள். லேவண்டர் எண்ணெயில் முக்கியமான ஒரு வாசனைப் பொருள் லினலூல். நம் கொத்தமல்லி விதையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் அதுதான் பெரும்பங்கு. அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. உங்கள் மண்ணுக்கு மல்லிகையும் துளசியும் மரிக்கொழுந்தும் நன்றாக வரும். வாசலில் அவற்றை வையுங்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

அடுத்த இதழில் மக்காச்சோளப் படைப்புழுவை விதைநேர்த்தியிலிருந்து தொடங்கி எப்படிக் கட்டுப்படுத்துவது என்று விரிவாகப் பார்ப்போம். உங்கள் வயலில் போன பருவம் என்ன மருந்து, எந்த நாளில் அடித்தீர்கள், என்ன பலன் என்று ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பதில் எழுத எனக்கு உதவியாக இருக்கும்.